ஓலின்ஸ் ரோட் அண்ட் ட்ராக் காயில்ஓவர்: யார் வாங்கலாம், எப்படிப் பொருத்த வேண்டும்

அன்றாடம் சாலையில் ஓட்டிக்கொண்டே அவ்வப்போது ட்ராக்குக்கும் போகிற ஸ்போர்ட்ஸ் காருக்கு, பெட்டியைப் பிரித்து அப்படியே மாட்டக்கூடிய காயில்ஓவர்களில் (ஸ்பிரிங்கும் டேம்பரும் சேர்ந்து வரும், உயரத்தை மாற்றக்கூடிய சஸ்பென்ஷன் கிட்) முதலிடத்தை ஓலின்ஸ் ரோட் அண்ட் ட்ராக்குக்குத் தயங்காமல் கொடுக்கலாம். சாலையை விட்டு இறங்கப் போவதே இல்லை என்பவருக்கு பில்ஸ்டைன் பி8 டேம்பரும் (ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்கும் ஷாக் அப்ஸார்பர்) அதற்கேற்ற மிதமான ஸ்பிரிங்கும் போதும், மிச்சப் பணத்தில் நல்ல டயர் வாங்கிவிடலாம். கார் தாழ்வாகத் தெரிந்தால் போதும் என்பவர் இந்த இரண்டையுமே வாங்க வேண்டியதில்லை.

மாஸ்டா எம்எக்ஸ்-5, டொயோட்டா ஜிஆர்86 மாதிரி எடை குறைந்த, பின்சக்கரம் தள்ளும் கார்களை மனதில் வைத்தே இதை எழுதுகிறோம். கனமான காருக்கு எண்கள் மாறும், வேலை செய்யும் முறை மாறாது.

முதலில் ஸ்பிரிங் பற்றிய கணக்கு. கடையில் "எத்தனை கிலோ ஸ்பிரிங்?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். அந்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு எதுவும் சொல்ல முடியாது, ஏனென்றால் சக்கரத்தில் உணரப்படும் கடினம் வேறு. ஸ்பிரிங் நகரும் தூரத்தைச் சக்கரம் நகரும் தூரத்தால் வகுத்தால் வருவது மோஷன் ரேஷியோ. அதை ஒரு முறை பெருக்கினால் போதாது, வர்க்கப்படுத்திப் பெருக்க வேண்டும். மேக்பெர்சன் ஸ்ட்ரட்டில் (ஸ்பிரிங்கும் டேம்பரும் ஒரே தூணாக நிற்கும் அமைப்பு) ஸ்பிரிங் கிட்டத்தட்ட சக்கரத்தோடு சேர்ந்தே நகர்வதால் இந்த விகிதம் 1-ஐ ஒட்டி இருக்கும். பின்பக்கம் லோயர் ஆர்மின் (சக்கரத்தைக் காரின் உடம்போடு இணைக்கும் கீழ்க்கை) நடுவில் உட்காரும் ஸ்பிரிங்குக்கு 0.75 என்று வைத்தால், ஒரு மில்லிமீட்டருக்கு 40 நியூட்டன் ஸ்பிரிங் சக்கரத்தில் 22.5 ஆகத்தான் வேலை செய்கிறது. முன்னால் 40, பின்னால் 45 என்று போட்டிருக்கும் கிட்டைப் பார்த்து "பின்பக்கம் கடினமாச்சே" என்று பயப்படத் தேவையில்லாததற்கு இதுதான் காரணம்.

இந்தச் சக்கரக் கடினத்தை அந்த மூலை தாங்கும் எடையோடு சேர்த்தால் அதிர்வெண் கிடைக்கும். சக்கரம், பிரேக் போன்ற கீழ் எடையைக் கழித்த பிறகு ஒரு மூலைக்கு 300 கிலோ, சக்கரத்தில் 30 நியூட்டன் என்றால் சுமார் 1.6 ஹெர்ட்ஸ். அதே மூலையில் 60 நியூட்டன் போட்டால் 2.25 ஹெர்ட்ஸ். கம்பெனி ஸ்போர்ட்ஸ் கார் பெரும்பாலும் ஒன்றரை ஹெர்ட்ஸை ஒட்டி இருக்கும். சாலையும் ட்ராக்கும் கலந்த காருக்கு 1.8-இலிருந்து 2.1 வரை வசதியான எல்லை. 2.5-க்கு மேல் போனால் வழவழப்பான ட்ராக்கில் மட்டுமே லாபம். குண்டும் குழியுமான சாலையில் டயர் தரையை விட்டு எழும்பி எழும்பி விழும், பிடிமானம் கூடுவதற்குப் பதில் குறையும். எந்தக் கிட்டை வாங்கினாலும் அதன் ஸ்பிரிங் எண்ணைக் கேட்டு வாங்கி இந்தக் கணக்கை ஒரு முறை போட்டுப் பார்த்துவிடுங்கள். எண்ணைச் சொல்ல மறுக்கும் கிட்டை வாங்க வேண்டாம்.

டேம்பரில்தான் பணம்

ஓலின்ஸ் நிறுவனத்தைக் கென்ட் ஓலின் 1976-இல் சுவீடனில் மோட்டோகிராஸ் பைக்குகளுக்காகத் தொடங்கினார். 2025 ஜனவரியில் அது பிரெம்போவின் கைக்கு வந்தது. ரோட் அண்ட் ட்ராக்கின் உயிர்நாடி அதன் டூயல் ஃப்ளோ வால்வ்.

சாதாரண டேம்பரில் சக்கரம் ஒரு கல்லில் ஏறும்போது, கம்ப்ரெஷன் (டேம்பர் அமுங்கும்) பக்கம் வால்வ் வேகமாகத் திறந்து எண்ணெய்க்கு வழிவிடும். சக்கரம் திரும்பி இறங்கும்போது ரிபவுண்ட் (டேம்பர் நீளும்) பக்கம் அவ்வளவு தாராளமாகத் திறக்காது. ஒரே ஒரு மேடு என்றால் தெரியாது. வரிசையாகப் பத்து மேடுகள் வந்தால், ஒவ்வொன்றிலும் சக்கரம் முழுதாக இறங்குவதற்குள் அடுத்தது வந்துவிடும். கார் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்து, கடைசியில் பம்ப் ஸ்டாப் (டேம்பர் முழுதாக அமுங்கும்போது இடியைத் தாங்கும் ரப்பர் தடுப்பு) மேலேயே ஓடும். டூயல் ஃப்ளோ வால்வில் இரு திசையிலும் வேகமான அசைவுக்கு வழி ஒரே மாதிரி திறந்து எண்ணெய் ஓடுகிறது. சக்கரம் ஏறுகிற வேகத்துக்குத் தோதாக இறங்கியும் தரையைப் பிடித்துவிடுகிறது. பிரேக் போட்டுக்கொண்டே ட்ராக் ஓரத்து மேட்டுக் கட்டையில் ஏறி இறங்கும் இடத்தில் இந்த வித்தியாசம் மிகத் தெளிவாகத் தெரியும்: ஸ்டியரிங் உதறாது, கார் கோட்டை விட்டு விலகாது.

ஒரே ஒரு குமிழ்தான். அது கம்ப்ரெஷனையும் ரிபவுண்டையும் சேர்த்தே மாற்றும். இரண்டையும் தனித்தனியாக மாற்ற வேண்டும் என்பவருக்கு கேடபிள்யூ நிறுவனத்தின் வேரியன்ட் 3 இருக்கிறது. நல்ல கிட்தான். அதன் துருப்பிடிக்காத எஃகு உடம்பு, குளிர்காலத்தில் உப்புத் தூவும் சாலைகளில் ஓலின்ஸின் அலுமினியப் பாகங்களைவிட நிம்மதி. ஆனால் இரண்டு குமிழ் என்பது இரண்டு மடங்கு தவறு செய்யும் வாய்ப்பும்கூட. குறிப்பேடு வைத்து, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்கும் பொறுமை உள்ளவர்களுக்கே அதைப் பரிந்துரைக்கிறோம்.

பில்ஸ்டைன் வரிசையில் பெயர்களைக் குழப்பிக்கொள்பவர்கள் அதிகம். பி6 என்பது கம்பெனி உயரத்துக்கான டேம்பர். பி8 தாழ்வான ஸ்பிரிங்குக்காக உடம்பு குட்டையாக்கப்பட்டது. பி14 உயரத்தை மாற்றக்கூடிய காயில்ஓவர், டேம்பிங் நிலையானது. பி16-இல் உயரத்தோடு பத்து நிலை டேம்பிங் குமிழும் உண்டு. இவற்றில் பி14-ஐத்தான் ஆட்கள் குறைத்து மதிப்பிடுகிறார்கள். குமிழ் இல்லாததால் குழம்பவும் வழியில்லை. ஸ்பிரிங்குக்குப் பொருந்தும்படி டேம்பிங்கைத் தொழிற்சாலையிலேயே முடித்துக் கொடுக்கிறார்கள். சிறிய மேடுகளில் ஓலின்ஸ் அளவுக்கு வழுக்கிக்கொண்டு போகாது, கொஞ்சம் தட்டும். வளைவில் உடம்பைப் பிடித்து நிறுத்துவதில் குறை சொல்ல முடியாது.

முப்பத்திரண்டு நிலை, நாற்பது நிலை என்று விளம்பரம் செய்யும் மலிவுக் கிட்களை ஒதுக்கிவிடுங்கள். டேம்பரைச் சோதனை இயந்திரத்தில் போட்டுப் பார்த்தால், அவற்றில் பாதி நிலைகளுக்கு நடுவே வித்தியாசமே இருக்காது, இடது வலது இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. பளபளப்பான பெயின்ட்டைப் பார்த்து ஏமாற வேண்டாம், அந்தச் சோதனையின் வரைபடத்தைக் கேளுங்கள்.

உயரம்

ரோட் அண்ட் ட்ராக்கின் இன்னொரு பலம், உயரத்தை மாற்றும் விதம். பெரும்பாலான மாடல்களில் அடியில் இருக்கும் பிராக்கெட்டை மரையில் சுற்றி மொத்த நீளத்தையே கூட்டலாம், குறைக்கலாம். ஸ்பிரிங் இருக்கையை (ஸ்பிரிங்கின் அடிமுனை உட்காரும் வளையம்) தொட வேண்டியதில்லை, அதனால் டேம்பருக்குள் இருக்கும் பயணத் தூரம் அப்படியே இருக்கும். பி14 போன்றவற்றில் ஸ்பிரிங் இருக்கையை இறக்கித்தான் காரைத் தாழ்த்த முடியும். ஒவ்வொரு மில்லிமீட்டர் தாழ்வும் பம்ப் ஸ்டாப்பை எட்டுவதற்கான தூரத்திலிருந்து கழியும்.

நீளம் மாற்றும் வசதி இருக்கிறதென்று அளவில்லாமல் இறக்கிவிடக் கூடாது. டேம்பர் அடிபடாவிட்டாலும் டயர் ஃபெண்டரின் உள்பக்கத்தில் உரசும். ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, பம்ப் ஸ்டாப் நசுங்கும் வரை ஜாக்கால் சக்கரத்தைத் தூக்கி, ஸ்டியரிங்கை இருபுறமும் முழுக்கத் திருப்பிப் பார்ப்பதுதான் சரியான சோதனை.

பிரீலோடு (காரின் எடை ஏறும் முன்பே ஸ்பிரிங்குக்குக் கொடுக்கும் அழுத்தம்) பற்றி ஒரு தவறான நம்பிக்கை விடாமல் சுற்றுகிறது: இருக்கையை மேலே இறுக்கினால் ஸ்பிரிங் கடினமாகும் என்று. நேர்கோட்டு ஸ்பிரிங்கின் கடினம் அதனால் துளியும் மாறாது. கார் உயரும், சக்கரம் கீழே தொங்கும் தூரம் குறையும், அவ்வளவுதான். கையேட்டில் சொன்ன பிரீலோடை வைத்துவிட்டு விடுங்கள்.

எவ்வளவு தாழ்த்தலாம்? 15 முதல் 25 மி.மீ. முன்பக்கம் மேக்பெர்சன் ஸ்ட்ரட் உள்ள காரில் இந்த எல்லையைத் தாண்டவே கூடாது. லோயர் ஆர்ம் கிடைமட்டத்தைக் கடந்து வெளிமுனை மேல்நோக்கிச் சாய ஆரம்பித்ததும், ரோல் சென்டர் (வளைவில் கார் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அது) காரின் எடை மையத்தைவிட வேகமாகக் கீழே இறங்கும். இரண்டுக்கும் இடையிலான தூரம் கூடக்கூட, அதே ஸ்பிரிங்கோடு கார் முன்பைவிட அதிகமாகச் சாயும். கூடவே டை ராடின் (ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பி) கோணம் கெட்டு, மேட்டில் ஏறும்போது சக்கரம் தானாகத் திரும்பும் பம்ப் ஸ்டியர் வரும். 40 மி.மீ. இறக்கிவிட்டு "கடினமான ஸ்பிரிங் போட்டும் சாய்கிறதே" என்று கேட்பவர்களுக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. ரோல் சென்டர் கிட் போட்டு இதை ஓரளவு சரிசெய்யலாம். அதைவிட 15 மி.மீ. உயர்த்துவது சுலபம்.

பொருத்தும் வேலை

ஜாக்கை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் கை வைக்காதீர்கள். நான்கு ஜாக் ஸ்டாண்ட், டார்க் ரெஞ்ச், ஆலன் கீ, சி ஸ்பேனர், ஊடுருவும் எண்ணெய், கம்பிப் பிரஷ் ஆகியவை வேண்டும். பழைய டாப் மவுண்டையே (டேம்பரின் மேல்முனையைக் காரின் உடம்போடு பிடிக்கும் பாகம்) திரும்பப் பயன்படுத்தும் கிட் என்றால் ஸ்பிரிங் கம்ப்ரெஸரும் அவசியம். ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்காமல் நடு நட்டைக் கழற்றினால் உயிருக்கே ஆபத்து. மாற்றுவழி எதுவும் கிடையாது.

கழற்றும் முன் நான்கு பக்கமும் ஹப் மையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை அளந்து எழுதிவையுங்கள். தரையிலிருந்து அளந்தால் டயர் காற்றும் தரைச் சரிவும் கணக்கைக் கெடுக்கும். பிறகு ஏபிஎஸ் ஒயர், பிரேக் ஹோஸ் பிராக்கெட் இரண்டையும் விடுவித்து, ட்ராப் லிங்க்கைக் (வளைவில் சாய்வைக் குறைக்கும் ஆன்டி ரோல் பாரைச் சஸ்பென்ஷனோடு இணைக்கும் சிறு கம்பி) கழற்றுங்கள். அதன் போல்ட் நட்டோடு சேர்ந்து சுற்றும். நடுவில் இருக்கும் குழியில் ஆலன் கீயை விட்டுப் பிடித்தபடி ஸ்பேனரால் நட்டைத் திருப்ப வேண்டும். ஆலன் குழி துருப்பிடித்து மழுங்கியிருந்தால் வம்பு, எனவே முந்தின நாளே எண்ணெய் விட்டு வையுங்கள். டேம்பரை நக்கிளோடு (சக்கரத்தின் ஹப்பைத் தாங்கும் பாகம்) பிடிக்கும் இரண்டு போல்ட்டுகளை எடுத்ததும் நக்கிள் வெளிப்பக்கம் சாயும். பிரேக் ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டி வையுங்கள்.

புது டேம்பரின் நடு நட்டை இம்பாக்ட் கன்னால் இறுக்குவது பட்டறைகளில் அன்றாடம் நடக்கிறது. ஷாஃப்ட் உள்ளே கிறுகிறுவென்று சுற்றி சீலைக் கிழிக்கும், அடியில் பிஸ்டனைப் பிடித்திருக்கும் நட்டும் தளரலாம். கையால்தான் இறுக்க வேண்டும். வேலையை வெளியே கொடுத்தாலும் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

அதைவிட அதிகமாக நடக்கும் தவறு புஷ்ஷில். கண்ட்ரோல் ஆர்மின் ரப்பர் புஷ் உள்ளே இருக்கும் இரும்புக் குழாயோடு ஒட்டியிருக்கும்; அது வழுக்காது, முறுக்கிக்கொள்ளும். சக்கரம் காற்றில் தொங்கும்போது போல்ட்டை இறுக்கிவிட்டால், காரை இறக்கியதும் ரப்பர் எந்நேரமும் முறுக்கியபடியே கிடக்கும். கார் ஓரிரு சென்டிமீட்டர் உயரமாக நிற்கும், ஓட்டம் விறைப்பாக இருக்கும், சில மாதங்களில் ரப்பர் கிழியும். "புது கிட் ரொம்பக் கடினம்" என்ற புகார்களில் கணிசமானவை டேம்பரின் குற்றமே இல்லை. லோயர் ஆர்மின் போல்ட்டுகளைத் தளர்த்திவைத்து, சக்கரத்தின் எடை ஆர்ம் மேல் வரும்படி ஜாக்கால் தூக்கியோ, காரைச் சரிவுப் பலகை மேல் நிறுத்தியோ, ஓடும் உயரத்தில் வைத்துக் கையேட்டில் உள்ள டார்க்குக்கு இறுக்க வேண்டும். ஆன்டி ரோல் பாரின் ட்ராப் லிங்க்கையும் அதே நிலையில்தான் மாட்ட வேண்டும்.

மரைகளில் மணல் இல்லாமல் பிரஷ்ஷால் துடைத்த பிறகே லாக் ரிங்கை (உயரத்தை நிலைநிறுத்தும் பூட்டு வளையம்) சுற்றுங்கள். அலுமினிய மரையில் ஒரு மணல் துகள் சிக்கினாலும் ரிங் அங்கேயே இறுகிப்போகும்.

சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு ஸ்பிரிங் சற்று அமரும். எல்லா போல்ட்டையும் மறுபடி டார்க் பார்த்து, உயரத்தைத் திருத்தி, அதன் பிறகே அலைன்மென்ட். முதல் நாளே அலைன்மென்ட் செய்வது காசைக் கொட்டுவது.

அலைன்மென்ட்

டிரைவர் இருக்கையில் ஓட்டுபவரின் எடை, பாதி டேங்க் பெட்ரோல், சரியான டயர் காற்று. இந்த மூன்றும் இல்லாமல் செய்த அளவுகளுக்கு மதிப்பில்லை.

சாலையும் ட்ராக்கும் கலந்த காருக்கு முன்னால் கேம்பர் (சக்கரத்தின் சாய்வுக் கோணம்; மேல்முனை உள்ளே சாய்ந்தால் மைனஸ்) மைனஸ் 2 டிகிரி, டோ (சக்கரத்தின் முன்முனை உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) பூஜ்யம். பின்னால் கேம்பர் மைனஸ் 1.5, ஒரு பக்கத்துக்கு 0.1 டிகிரி டோ இன். இதிலிருந்து தொடங்கலாம். டயர் உள் விளிம்பு தேய்வதற்குக் கேம்பரைத் திட்டுகிறார்கள். பெரும்பாலும் குற்றவாளி தவறான டோ. பின்பக்கம் டோ அவுட் ஆகிவிட்டால் பிரேக் போடும்போதும் ஆக்ஸிலரேட்டரை விடும்போதும் வால் தன்னிஷ்டத்துக்கு ஆடும். சாலைக் காரில் அதை அனுமதிக்கவே கூடாது.

எம்எக்ஸ்-5-இல் ஆர்ம்களின் உள்முனையில் கேம் போல்ட்டுகள் இருப்பதால் முன்னும் பின்னும் கேம்பரை மாற்றலாம். ஜிஆர்86-இல் முன்பக்கம் கேம்பர் போல்ட்டோ மேலே கேம்பர் பிளேட்டோ (கேம்பரை மாற்ற உதவும் டாப் மவுண்ட்) போட வேண்டும். பின்பக்கம் டோ மட்டுமே மாறும், கேம்பருக்கு மாற்றக்கூடிய நீளமுள்ள லோயர் ஆர்ம் வாங்க வேண்டும். கிட்டின் விலையோடு இதையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

கார்னர் வெயிட் (ஒவ்வொரு சக்கரமும் தாங்கும் எடை) பார்க்க வசதி இருந்தால் பார்த்துவிடுங்கள். இடது முன், வலது பின் இரண்டின் கூட்டுத்தொகை மொத்த எடையில் பாதியாக வர வேண்டும். 1,300 கிலோ கார் என்றால் 650. ஒரு மூலையை உயர்த்தினால் அந்த மூலையும் அதற்குக் குறுக்கே எதிரில் உள்ள மூலையும் சேர்ந்து கனக்கும். இதைச் செய்யும்போது ட்ராப் லிங்க் கழன்றிருக்க வேண்டும், இல்லையென்றால் பாரின் முறுக்கமும் எண்ணில் கலந்துவிடும். ட்ராக்குக்கே போகாதவர் இந்தச் செலவை விட்டுவிடலாம்.

குமிழைத் திருப்பும் முறை

கடிகார முள் திசையில் முழுக்க மூடி, அங்கிருந்து திறந்தபடி கிளிக்கை எண்ண வேண்டும். முழுக்கத் திறந்த முனையிலிருந்து எண்ணினால் ஒவ்வொரு டேம்பரிலும் ஓரிரண்டு கிளிக் வேறுபடும். மூடும்போது விரல் பலம் போதும், இடுக்கி வைத்து இறுக்கினால் உள்ளே ஊசி நசுங்கும்.

கையேட்டின் சாலை நிலையில் தொடங்கி, தெரிந்த ஒரு மோசமான சாலையில் ஒரே வேகத்தில் ஓட்டுங்கள். மேடு கடந்த பிறகும் கார் ஒரு முறைக்கு மேல் ஆடினால் இரண்டு கிளிக் கடினம். டயர் படபடவென்று துள்ளினால் இரண்டு கிளிக் இலகு. முன்னும் பின்னும் ஒரே நேரத்தில் மாற்ற வேண்டாம்.

டேம்பரால் எதைச் சரிசெய்ய முடியாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். ஷாஃப்ட் நகரும்போது மட்டுமே டேம்பர் வேலை செய்யும். வளைவுக்குள் திரும்பும் கணத்திலும், ஆக்ஸிலரேட்டர் மிதிக்கும் கணத்திலும் அதன் ஆட்டம். நீண்ட வளைவின் நடுவில், கார் சாய்ந்து நிலைபெற்ற பிறகு முன்பக்கம் வழுக்கினால், குமிழை எத்தனை முறை திருப்பினாலும் அது மாறாது. அது டயர், கேம்பர், ஸ்பிரிங், ஆன்டி ரோல் பாரின் வேலை. பாரை மாற்றுவதென்றால் விட்டத்தைக் கவனியுங்கள்: கடினம் விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறும். 18 மி.மீ. திடப் பாரை 20 ஆக்கினாலே ஐம்பது சதவீதத்துக்கு மேல் கூடிவிடும். பின்சக்கரக் காரில் பின் பாரைத் தடிமனாக்கினால், வளைவிலிருந்து வெளியேறும்போது உள் சக்கரம் இலகுவாகிச் சுற்றும், ஈரச் சாலையில் வால் சட்டென்று வீசும். பெரும்பாலான கார்களுக்கு முதலில் கேம்பரைச் சரிசெய்து பார்த்தாலே பார் வாங்கும் தேவை போய்விடுகிறது.

பம்ப் ஸ்டாப்பில் அடிக்கிறதா என்று அறிய விலையுயர்ந்த கருவி வேண்டாம். ஷாஃப்ட் வெளியே தெரியும் டேம்பரில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் கேபிள் டையைக் கட்டி, டேம்பர் உடம்பின் மேல்முனையைத் தொடும்படி இறக்கி வைத்துவிட்டு ஓட்டிவிட்டு வாருங்கள். டை எதுவரை ஏறியிருக்கிறதோ அதுவரை டேம்பர் அமுங்கியிருக்கிறது. பம்ப் ஸ்டாப்பை ஒட்டி நசுங்கிக் கிடந்தால் உயரம் போதவில்லை. வளைவின் நடுவில் சின்ன மேட்டுக்கே கார் திடீரென்று பிடியை விட்டு வெளியே நழுவும் குறை பெரும்பாலும் இதுதான், அதை டேம்பரைக் கடினமாக்கித் தீர்க்கப் பார்ப்பது நிலைமையை மோசமாக்கும்.

சத்தம் வந்தால் முதலில் ட்ராப் லிங்க் நட், அடுத்து டாப் மவுண்ட் நட், அதன் பிறகு ஸ்பிரிங்கின் முனை இருக்கையின் படியில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். நின்றபடி ஸ்டியரிங்கைத் திருப்பும்போது "டொய்ங்" என்று ஒலித்தால், டாப் மவுண்ட் பேரிங் சுற்றாமல் ஸ்பிரிங் முறுக்கி விடுபடுகிறது. கேம்பர் பிளேட்டின் பந்து மூட்டு எந்தச் சிறு சத்தத்தையும் கேபினுக்குள் கொண்டுவரும். அதோடு வாழ முடியாதவர் ரப்பர் டாப் மவுண்டையே வைத்துக்கொள்ளட்டும்.

பழைய கிட் வாங்குவதாக இருந்தால், ஷாஃப்ட்டை நகத்தால் சுரண்டிப் பாருங்கள்; குரோமில் குழி விழுந்திருந்தால் சீல் தங்காது. எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறதா, குமிழ் இரு கோடிவரை கிளிக் கிளிக்கென்று திரும்புகிறதா, அடி பிராக்கெட் மரையில் சுற்றுகிறதா என்றும் பார்க்க வேண்டும். நல்ல நிலையில் உள்ள வாயு டேம்பரைக் கையால் அழுத்திவிட்டால் தானே முழுக்க வெளியே வர வேண்டும். வராவிட்டால் வாயு போய்விட்டது. ஓலின்ஸ், கேடபிள்யூ, பில்ஸ்டைன் மூன்றையும் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் மையத்தில் பிரித்துச் சீல், எண்ணெய், நைட்ரஜன் மாற்றிப் புதுப்பிக்க முடியும். அந்தச் செலவைக் கழித்துக்கொண்டு விலை பேசுங்கள். உள்ளே நைட்ரஜன் அழுத்தத்தில் இருப்பதால் துளையிடுவதோ நெருப்பு காட்டுவதோ கூடாது.